பாய்லர் ரூமுக்குப் பின்னால் ஒரு விசில்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நடுவில் காரணமில்லாமல் பாய்லரை நிறுத்தினால் அதோடு சரி.

முதல் மழை பெய்த வாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு, பாய்லர் ரூமுக்குப் பின்னாலிருந்து ‘வீ...ட்யூ’ என்று ஒரு விசில். அந்தப் பக்கத்து வால்வை முந்தின நாள் டைட் பண்ணியவன் நான்தான். ஸ்டீம் லீக்கேதான்! என் வீரத்தைச் சொல்லவேண்டும்: முதலில் பாய்லரை நிறுத்தினேன், அப்புறம்தான் யோசித்தேன்.

கசியும் ஸ்டீம் கண்ணுக்குத் தெரியாது. விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டுதான் தேடுவோம்; குச்சி பிய்ந்து பறக்கிற இடத்தில் லீக். நானும் நீட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் போனேன்.

“இன்னா நைனா, மந்திரி வராரா? பெருக்கிக்கினே போற?” என்றார் எங்கள் ஃபிட்டர் பாய். பழவேற்காட்டுக்காரர்.

“லீக் பாய்! கிட்ட வராதீங்க!”

மறுபடி விசில். பாய் சிரித்துவிட்டார். “இது ஆறுமணிக் குருவிப்பா. மழை நேரத்துல வடக்க காட்டுலேர்ந்து வரும். எங்க ஊரு தோப்புல காலைல ஆறு, சாயங்காலம் ஆறு, கத்திட்டு கம்முனு பூடும்.”

புங்கமரத்தடிச் சருகில் நின்றது. பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் சிவப்பு. வாலை மட்டும் யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி. சருகைப் புரட்டி ஒரு புழுவை விழுங்கிவிட்டு, தத்தித் தத்திப் புதருக்குள் போய்விட்டது.

மேனேஜர் வந்தார். “எதுக்குய்யா நிறுத்தின?”

“குருவி சார்.”

“எங்க?”

பாயும் நானும் புதரைக் கிளறினோம். ஒரு இறகுகூட இல்லை.

“காலைல ஆறு மணிக்கு வாங்க சார், பாடும்.”

“பாடலைன்னா நீ பாடு,” என்றார். “வேற கம்பெனில.”

காலை ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். பெரியபாளையத்து அம்மனிடம் பாதியும் அந்தப் புதரிடம் பாதியுமாக வேண்டிக்கொண்டேன். மேனேஜர் பைப் ஓரமாக நின்று வாட்சைப் பார்த்தார். ஆறு. ஆறு ஒன்று. ஆறு ரெண்டு.

‘வீ...ட்யூ!’ அவர் காலடியிலிருந்தே.

“நிறுத்துய்யா பாய்லர!” என்று கத்திக்கொண்டு மேனேஜர் பின்னால் துள்ளி, அங்கே நின்றிருந்த ஃபிட்டர் பாய் மேலேயே விழுந்தார்.

நான் நிறுத்தவில்லை.

வெயில் காலம் தொடங்கும்வரை குருவி அங்கேதான் இருந்தது. கண்ணில் பட்டது மொத்தம் நாலு தடவை. மேனேஜர் சொன்னபடி பர்மனென்ட் ஆர்டரைக் கொடுத்தார். அன்று காலை நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். சரி சார் என்றேன். கேன்டீனில் மட்டும்தான் சொன்னேன்.