ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும்

அது யுத்த காலம். பிலிம் கிடைப்பதே பெரும்பாடு. என் காமிராவில் இன்னும் இரண்டு படங்கள்தான் எடுக்க முடியும்.

சாந்தோமில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியே கடல் தெரியும். அங்கே அக்கா உட்கார்ந்திருப்பதைப் படமெடுக்க எனக்கு வெகுநாள் ஆசை. ஆனால் முகம் தெளிவாக விழுந்தால் கடல் வெளுத்துவிடும்; கடல் விழுந்தால் முகம் கறுத்துவிடும். கண்ணுக்கு இரண்டும் தெரிகிறதே, படத்தில் ஏன் வரக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம்.

காமிராவை மேஜைமேல் அசையாமல் வைத்து, முதலில் வெளிச்சம் குறைந்த அறைக்காக நிதானமாக ஒரு படம் எடுத்தேன். "உன் வேலை முடிஞ்சிதுக்கா" என்றதும் அவள் எழுந்து போனாள். சற்றுப் பொறுத்து, வெளியே இருந்த கடலுக்காகச் சட்டென்று இன்னொன்று. பிறகு இருட்டறையில், கறுப்புத்தாளால் மாற்றி மாற்றி மறைத்து, முதல் நெகட்டிவிலிருந்து அறையையும் அடுத்ததிலிருந்து ஜன்னலையும் ஒரே காகிதத்தில் பதித்தேன்.

மருந்துத் தண்ணீரில் படம் மெல்லத் தெளிந்தது. ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, மணலில், அதே சேலையில், அக்கா கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்! இரண்டாவது படத்தை நான் எடுத்தபோது அவள் அங்கே போயிருக்கிறாள்; காமிராவிலேயே கவனமாயிருந்த நான் பார்க்கவில்லை.

படம் கெட்டுவிட்டதே என்று நொந்துகொண்டு காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல இன்னாடா தப்பு? அங்க உக்காந்துக்கினு நான் தெனமும் இப்படித்தானே போய்க்கினு இருக்கேன்."

அம்மா போனபின் எங்களை வளர்க்கப் படிப்பை விட்டவள் அவள். அந்த ஜன்னலில் அவளைப் பார்க்காத நாளில்லை. ஆனாலும் அன்றுதான் முதன்முறையாக எனக்குக் கேட்கத் தோன்றியது:

"எங்க போறேக்கா?"