ஆண்டனியின் மெஷின் சீவிய கண்

ஆண்டனிக்கு யாரையும் கேட்டுச் செய்யும் பழக்கம் கிடையாது. மராத்தி பேசும் கட்கியில் எங்கள் பக்கத்து வீடு. அவன் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவர். இவன் பக்கத்து ஊர் போசரியில் ஒரு சின்னக் கம்பெனியில் லேசர் மெஷின் பார்த்தான். வாயுக் கலவைக்குள் மின்சாரம் பாய்ச்சி எடுக்கும் புற ஊதா ஒளி, கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் தகட்டில் மயிரிழையை விடச் சின்னத் துளை போடும், ஓரம் கருகாது. கம்பெனி மூடியதும் கேம்ப் பகுதியில் ஒரு கண் ஆஸ்பத்திரி அவனை இழுத்துக்கொண்டது. அங்கேயும் அதே வகை ஒளிதான். கருவிழியை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி போட்டவர்களைக் கண்ணாடியில்லாமல் அனுப்பும்.

காஸ் மாற்றுவதும், சென்ட் பூசி வருகிறவர்களை வாசலிலேயே திருப்புவதும் அவன் வேலை. அந்த ஆவி பட்டால் ஒளியின் வீரியம் குறையுமாம். "என் மெஷின் மாமியார் மாதிரி. வாசனை பூசினாலும் குத்தம்" என்பான்.

மகன் கிறிஸ்டோபருக்குப் பட்டாளத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. கார்கில் சண்டை நடந்த வருஷம், கேட்கவா வேண்டும்! ஆனால் பையன் கண்ணாடி போட்டவன். கிளார்க்காகச் சேரலாம், சிப்பாயாக முடியாது என்றார்கள்.

"எனக்கு ரைபிள் வேணும் டாடி, டைப்ரைட்டர் வேணாம்" என்று அழுதான்.

தன் மெஷினிலேயே பையன் கண்ணைச் சரிசெய்துவிடுவதென்று ஆண்டனி முடிவு செய்தான். அவன் மனைவி ஷீலா படித்துப் படித்துச் சொன்னாள். "ஒரு தடவை ரெக்ரூட்டிங் ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்களேன்."

"என் மெஷினைப் பத்தி அவங்களுக்கு என்னடி தெரியும்?"

டாக்டரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தான். பையன் படுத்திருக்க, மெஷின் டக் டக்கென்று அடிக்க, மயிர் கருகுகிற வாடை வர, ஆண்டனி ஜபம் சொல்லிக்கொண்டே நின்றானாம். இரண்டு மாதத்தில் தூரத்து பஸ்ஸின் போர்டைப் பையன் படித்துக் காட்டினான். தெருவுக்கே பேடா கொடுத்தான் ஆண்டனி. நானும் தின்றேன்.

ஆள் எடுக்கிற அன்று கிறிஸ்டோபர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். கண் பார்த்த ராணுவ டாக்டர், ஆபரேஷன் செய்த கண்ணா என்று கேட்டார்.

"ஹாங் சார். எங்க டாடியோட மெஷின்ல" என்றான் பெருமையாக.

ஆபரேஷன் ஆன கண் அப்போது அவர்களுக்கு ஆகாது. சிப்பாய் வேலை மட்டுமல்ல, கிளார்க் வேலையும் கிடையாது. கண்ணாடியோடு போயிருந்தால் கிளார்க்காகவாவது எடுத்திருப்பார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுநாள் ஆண்டனி ஆஸ்பத்திரி டாக்டரின் முன்னால் போய் நின்றான். "சார், சீவினதைத் திருப்பி வைக்க வழி இருக்கா? பழையபடி கண்ணாடியே போட்டுக்கட்டும்" என்று மராத்தியில் கேட்டான். டாக்டர் அவன் தோளைத் தொட்டார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த மெஷினைத்தான் பார்த்தான். வேறு என்ன தெரியும் அவனுக்கு? ரஞ்சன்காவில் பாக்டரி வேலைக்குப் போன கிறிஸ்டோபர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போவான்.