இருதயத்தைப் பிரிக்கிற இடம்

அன்று எங்கள் குசினியில், அடுப்புப் பக்கத்து மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான். என் மனைவி. மனைவியின் தம்பி. எங்கள் மூத்த மகள், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். மேசையில் ஒரு மாட்டின் இருதயம், நுரையீரலோடு சேர்ந்தபடி.

நான் ஓட்டமாவடியில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டேன். கத்தி பிடித்த நாளிலிருந்து வேறு தொழில் பார்த்ததில்லை.

போன வருடம் நெஞ்சு ஒழுங்கு தப்பியது. வலி இல்லை. அடிக்கிற அடி மட்டும் பிழை. மழை விட்ட பிறகு தகரத்திலிருந்து சொட்டுகிற மாதிரி. கிட்டக் கிட்ட இரண்டு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு கூட்டம். படி ஏறினால் மூச்சு முட்டியது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்தார். இப்படி அடிக்கிற இருதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அது மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்றார். ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எழுதினார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"என்ன தொழில்?"

சொன்னேன்.

"அப்ப கத்தியை வையுங்க. வெட்டுப்பட்டா ரத்தம் லேசில நிக்காது."

கத்தியை மச்சானிடம் கொடுத்தேன். மனைவியின் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவேன், அவனும் என்னை அப்படித்தான். அவன் கத்தாரில் லொறி ஓட்டினவன். எலும்பு எங்கே பொருந்துகிறது என்று அவனுக்குத் தெரியாது. ஓங்கி ஓங்கி வெட்டினான். எலும்புச் சில்லு இறைச்சியோடு போனது. வாடிக்கைக்கார மனுசி ஒருத்தி பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, இது கறிக்கா, அடுப்புக்கா?"

நான் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். காசு வாங்கிப் போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் சுகம் விசாரித்தார்கள். அது எனக்கு ஒத்துவரவில்லை.

டொக்டர் இன்னொரு வழியும் சொல்லியிருந்தார். கொழும்புக்குப் போக வேண்டும். தொடையால் ஒரு கம்பியை விட்டு இருதயம் வரைக்கும் கொண்டுபோவார்கள். நுரையீரலில் இருந்து ரத்தம் வருகிற குழாய்கள் இருதயத்துக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றிச் சுடுவார்கள். பிழையான அடி அங்கேதான் தொடங்குகிறதாம். நரம்புகள் கூடுகிற இடமும் அதுதானாம். சரிவந்தால் குளிசையை நிற்பாட்டலாம்.

மனைவி விருப்பப்படவில்லை. அவளுக்குப் பயம். குளிசையைக் குடித்துக்கொண்டு கதிரையில் இருங்கள் என்றாள். எனக்குப் பயமில்லை, நம்பிக்கைதான் வரவில்லை. எத்தனையோ இருதயம் கையில் எடுத்தவன் நான். அந்த இடத்தில் ஒரு நரம்பையும் கண்டதில்லை. இதை மகளிடம் சொன்னேன்.

"வாப்பா, நீங்க எந்த இடத்தில வெட்டுவீங்க?"

மாட்டின் நெஞ்சுக்குள் இருந்து இருதயமும் நுரையீரலும் ஒன்றாகத்தான் வெளியே வரும். இரண்டுக்கும் நடுவில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. பிறகு இருதயத்தின் தலைப்பில் இருக்கிற கொழுப்பையும் குழாய்க் கட்டைகளையும் சீவி எறிவேன். சுத்தமாகக் கொடுத்தால்தான் சனம் வாங்கும். கையால் காட்டினேன்.

"அப்ப நீங்க கண்டிருக்கவே ஏலா. அந்த இடத்திலதான் கத்தி போடுறீங்க. மிச்சத்தைக் காகம் திங்குது."

அதனால்தான் மடுவத்தில் மாடு அறுக்கிறவரிடம் சொல்லி ஒன்றைப் பிரிக்காமல் வாங்கி வந்தேன். மதியம் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது மனைவி மேசையில் பழைய பேப்பர் விரித்திருந்தாள்.

மகள் இருதயத்தைக் கவிழ்த்தாள். பின்பக்கம் தெரிந்தது. நுரையீரலில் இருந்து குழாய்கள் வந்து அதில் இறங்கின. சுற்றிவரக் கொழுப்பு.

என் சின்னக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். அதன் முனையால் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினாள். நெடுநேரம் எடுத்தது. மச்சான் இரண்டு தேத்தண்ணி குடித்து முடித்தான்.

"இஞ்ச பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். வெள்ளை நூல் ஒன்று. தலைமயிரை விடக் கொஞ்சம் தடிப்பு. குழாயின் மேலே ஏறிப் போனது. பக்கத்தில் இன்னொன்று. போகப் போகப் பிரிந்து கொழுப்புக்குள் மறைந்தது.

"இதான் நரம்பு. கழுத்தால இறங்கி வாறது ஒரு வகை. முதுகெலும்புப் பக்கத்தால வாறது மற்ற வகை. ஒண்டு இருதயத்தை மெதுவாப் போ எண்டு சொல்லும். மற்றது ஓடு எண்டு சொல்லும். ரெண்டும் இந்தக் கொழுப்புக்குள்ளதான் வந்து கூடுது. முடிச்சு முடிச்சா இரிக்கும், கண்ணுக்குத் தெரியாது."

"ராத்தாவும் மச்சானும் மாதிரி," என்றான் மனைவியின் தம்பி. ராத்தா என்றது அவன் அக்காவை.

"நீ வாயை மூடு," என்றாள் என் மனைவி.

மகள் குழாயின் வாயைக் காட்டினாள். இருதயத்தின் சதை அந்த வாய்க்குள்ளும் கொஞ்சத் தூரம் ஏறியிருக்குமாம். சில ஆட்களுக்கு அந்தச் சதை அதன்பாட்டுக்குத் துடிக்குமாம். நரம்பும் தூண்டிவிட்டால் இன்னும் மோசமாம்.

"வாயைச் சுத்திச் சுட்டா என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"தழும்பு வரும். அங்க துடிக்கிற துடிப்பு தழும்பைத் தாண்டி உள்ளுக்கு வர ஏலா. அந்த நரம்பு கொஞ்சமும் கருகிப் போகும்."

"இத்தனை காலம் மச்சான் மாட்டுக்குச் செஞ்சதை இப்ப மச்சானுக்குச் செய்யப் போறாங்க," என்றான் அவன். "ஒரே இடம். கணக்குச் சரி."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. முன்னுக்கு வந்தாள். குழாய் வந்து சேர்கிற இடத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துப் பார்த்தாள். எத்தனையோ இருதயம் கறியாக்கினவள். இந்த இடத்தை அவளும் தொட்டதில்லை.

"சீலை மாதிரிக் கிடக்கு. இதுல நெருப்பு வைச்சா ஓட்டை விழாதா?"

மகள் ஊசியைப் பேப்பரில் வைத்தாள்.

"விழலாம் உம்மா. நூத்தில ஒராளுக்குக் கூட வராது எண்டுதான் நினைக்கிறன். ஆனா வரலாம். டொக்டரும் அதைச் சொன்னவர்."

அவள் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. மனைவி கையைக் கழுவினாள். சவர்க்காரம் போட்டு இரண்டாம் தரமும் கழுவினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"போறன்."

"ஏன்?"

"கதிரையில இரிக்க ஏலா."

மனைவி ஈரக் கையைத் துணியில் துடைத்தாள்.

"அப்ப ஒண்டையும் விடாமச் சுடச் சொல்லுங்க," என்றாள். "அரைகுறையாச் செஞ்சிட்டுத் திரும்ப வரச் சொன்னா நான் அனுப்ப மாட்டன்."

"இதை என்ன செய்யிற ராத்தா? ஆக்குறயா?" என்று மேசையைக் காட்டினான் தம்பி.

"இண்டைக்கு மீன்."

கொழும்பில் என்னை மயக்கித்தான் செய்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது தொடையில் கட்டு. கால் அசைக்கக் கூடாது என்றார்கள். மனைவி பக்கத்தில் நின்றாள். அங்கே டொக்டர் சிங்களவர். தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி இடையில் நின்று சொன்னாள்.

மனைவி முதல் கேட்டது, எல்லாவற்றையும் சுட்டாரா என்றுதான்.

"வழமையா நாலு குழாய்தான் வரும் உம்மா. இவருக்கு வலப்பக்கத்தில சின்னனா ஒண்டு கூட இரிக்காம்."

"அதை விட்டுட்டாரா?"

தாதி சிங்களத்தில் கேட்டாள். டொக்டர் சிரித்தார். கையை விரித்து ஐந்து விரலையும் காட்டினார். மனைவி அந்த விரல்களை எண்ணிப் பார்த்தாள். பிறகுதான் கதிரையில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, இரண்டாம் கிழமை, நெஞ்சு திரும்பவும் பிழைத்தது. தொடக்கத்தில் அப்படி வரும், புண் ஆற வேண்டும் என்று முதலே சொல்லியிருந்தார்கள். மனைவி என்னைப் பார்ப்பாள், பிறகு வேலையைப் பார்ப்பாள். மச்சான் தொடர்ந்து வெட்டினான். அவனுக்குத் தோள் வீங்கிவிட்டது. நான் கதிரையில் இருந்தேன்.

பிறகு அந்தப் பிழையான அடி நின்றது. நின்றது நின்றதுதான். மூன்று மாதம் கழித்து மட்டக்களப்பில் ஒரு சின்ன மிசினை நெஞ்சில் ஒட்டி ஒரு நாள் முழுக்கப் போட்டிருக்கச் சொன்னார்கள். டொக்டர் பார்த்தார். அடி ஒழுங்காக இருக்கிறது என்றார். சீனி, பிரஷர் என்று வேறு வருத்தம் இல்லாதபடியால் குளிசையை நிற்பாட்டினார்.

"திரும்ப வராதெண்டு சொல்ல மாட்டன்," என்றார். "வந்தா வாங்க."

"சரி," என்றேன்.

அடுத்த நாள் விடியக் கடைக்குப் போனேன். மச்சான் கத்தியைத் தீட்டி வைத்திருந்தான். கத்தியைத் துடைத்துப் பிடியை என் பக்கம் நீட்டினான்.

"எடுங்க மச்சான். எனக்கு லொறிதான் சரி."

மனைவி வந்தாள். அவள் கடைக்கு வருகிறவள் இல்லை. தூணோடு நின்றாள். ஒன்றும் வாங்கவில்லை.

"விரல் கவனம்," என்றாள். போய்விட்டாள்.

மடுவத்தில் இருந்து வந்ததைக் கட்டையில் போட்டேன். இருதயமும் நுரையீரலும் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். கொழுப்பு, குழாய். நரம்பு விரலுக்குத் தெரியவில்லை. முன்னால் ஆட்கள் நின்றார்கள். அந்த இடத்திலேயே கத்தியை வைத்து இழுத்தேன். பிரிப்பதற்கு வேறு இடம் இல்லை.

அன்று மடுவத்தில் அறுத்தது இரண்டு மாடு. நான் பிரித்த இருதயம் இரண்டு.