வெற்று வட்டை ஏற்காத கணினி

வாய்மொழிக் கதை திரட்டுவோருக்குக் கதை கிடைக்காத நாளைவிட, கிடைத்த கதை கண்ணெதிரே கைநழுவும் நாளே கொடியது. பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதில் நான் நேரில் காணாத பகுதியை மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் வாழும் பார்வதியிடம், சென்ற தைப்பூசத்துக்கு மறுவாரம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

பல்லிச் சத்தம்

பார்வதியின் தந்தை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இறப்பதற்கு முன் புலிக்கதை ஒன்றை வீட்டுக் கணினியில் சொல்லிப் பதிந்திருந்தார். வேறெவரும் சொல்லாத பாடம், அதாவது கதைவடிவம். வேறு பிரதியும் இல்லை. நான் போனபோது ஹார்ட் டிஸ்க் பல்லிபோல் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. பென் டிரைவ் செருகும் துளைகள் முன்பே செத்துவிட்டன, ஒலிபெருக்கியும் ஊமை, இணையமும் இல்லை. மிஞ்சிய வழி, சிடி வட்டில் எழுதி எடுப்பது ஒன்றே. ஈப்போவில் கணினிக் கடை வைத்திருக்கும் குமாரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க ஐயா! பண்ணா, மறுபடி எழும்புமான்னு சாமிக்குத்தான் தெரியும்."

வெளியே தள்ளியது

பார்வதி உள்ளறையிலிருந்து புதிய வட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்தார். ஒன்றைப் போட்டேன். 'வட்டைச் செருகவும்' என்றது திரை. அடுத்ததற்கும் அதுவே. பழைய பக்திப் பாடல் வட்டின் பெயரோ உடனே திரையில் வந்தது. வெற்று வட்டென்றால் மட்டும் வெளியே தள்ளியது. ஆய்வாளன் எழுதத் தகாதது, ஆயினும் எழுதுகிறேன்: என் முதுகு சில்லிட்டது. பார்வதி சுவரோரம் ஒதுங்கினார்.

"நம்ம எடுக்கிறது அப்பாவுக்குப் புடிக்கல போல ஐயா."

குமாரின் கைவிளக்கு

குமார் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் ஹார்ட் டிஸ்கின் சத்தம் இன்னும் அடிக்கடி ஒலித்தது. டிரைவின் லென்ஸைத் துடைத்தார், பயனில்லை. பிறகு ஒரு வட்டைப் புரட்டி விளக்கடித்துப் பார்த்தார். நடு ஓட்டையைச் சுற்றி மஞ்சள்! அப்பாவின் குரல் ஏறப்போகும் புதுப்பொருளாயிற்றே என்று, புதுச்சேலைக்கு வைப்பதுபோல், பார்வதி உள்ளறையில் ஒவ்வொன்றுக்கும் தொட்டு வைத்திருக்கிறார். அதுவும் எழுத்தில்லாமல் மினுங்கும் பக்கத்தில். போட்டது இன்ன வட்டு என்று கருவி முதலில் படித்தறிவது அந்த நடுப்பகுதியில்தான்.

"மேல் பக்கம் வச்சிருந்தா சாமியும் பார்த்திருக்கும், மெஷினும் பார்த்திருக்கும் லா, அக்கா!"

இருமல்

துடைத்த வட்டு சுழன்றது. திரையில் பச்சைக்கோடு நகர்ந்தது, நின்றது, மீண்டும் நகர்ந்து முடிந்தது. குமார் தம் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். முதலில் ஓர் இருமல், பிறகு குரல். ஒலியைக் கூட்டப் போன அவர் கையைப் பார்வதி பிடித்துக்கொண்டார்.

"மெதுவா வைங்க தம்பி, அப்பா இப்பத்தான் எழுந்திருக்காரு."

இந்த நிகழ்ச்சியை ஈப்போவில் குமார் சொல்லும் பாடத்தில் லென்ஸைத் துடைத்ததுமே காரியம் முடிகிறது. பத்து காஜா என்ற ஊரில் பார்வதியின் அத்தை சொல்லும் பாடத்திலோ கணினி பாதியில் அணைந்து, புலி காட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதைக் கேட்ட நாளெல்லாம், வட்டு பத்திரமாக இருந்தும், வீட்டுக்கு வந்து ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே சாப்பிட உட்காருகிறேன்.