கயிற்றைத் தாண்டிய அண்ணை

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நான் படித்த கல்லூரியின் பெண்கள் ரக்பி அணி விளையாடுகிறதென்றால், மழையோ குளிரோ, நான் குடியிருக்கும் லாசாலிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். படித்து முடித்து எட்டு வருடமாகியும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. 2005 ஒக்டோபரில், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த அண்ணையையும் கூட்டிப்போனேன்.

யாழ்ப்பாணத்தில் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் கிரிக்கெட்டில், தங்கள் பெடியன் ஐம்பது அடித்தால் பழைய மாணவர்கள் மைதானத்துக்குள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார்கள். இங்கே எங்கள் அணியின் மெலிந்த பெண்ணொருத்தி மூன்று பேரை உதறிவிட்டு ஓடிப் புள்ளி எடுத்ததும், அண்ணை எல்லைக் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டார். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எனக்கு மானம் போனது.

"அண்ணை, இது யாழ்ப்பாணமில்லை! வெளியால வாங்கோ!" என்று கத்தினேன்.

"பிள்ளை அப்பிடி ஓடுது, நான் சும்மா இருந்து பாக்கிறதே?"

அணித்தலைவி, முழங்காலில் இரத்தம் வழிய, அவருடைய கையைப் பிடித்துக் கயிறுவரை கூட்டிவந்தாள். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். அதில் துளியும் கேலியில்லை. திரும்பி ஓடியவள் அடுத்த நிமிடமே எதிரணிக்காரி ஒருத்தியை மண்ணில் சாய்த்தாள். என்ன பெண்கள் அவர்கள்!

அன்று தோற்றோம். எதிரணிக்குக் கைகொடுத்து முடித்ததும், எங்கள் பெண்கள் அத்தனை பேரும் சேற்றோடு கயிற்றைத் தாண்டி எங்கள் பக்கம் ஓடிவந்தார்கள். எட்டு வருடமாக வருகிற நான் எழுந்து கையை நீட்டினேன். என்னைக் கடந்துபோய் அண்ணையைத் தூக்கினார்கள்.