யெஸ், யெஸ் சொன்ன கவர்னர்

கவர்னர் என்றால் இறகு வைத்த தொப்பியும் இடுப்பில் வாளும் என்றுதான் யாழ்ப்பாணத்தில் படித்திருந்தோம். லண்டனில் நாங்கள் குடியிருந்த மிச்சம் என்ற ஊர்ப் பகுதியில் கவர்னர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தை மேற்பார்க்கும் குழுவில் பெற்றோர் சார்பில் இருப்பவருக்கும் இங்கே அந்தப் பெயர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மகளின் பள்ளியில் அவர் இரண்டாம் முறை போட்டியிட்டபோது, தமிழ்ச் சனத்தின் வோட்டு முழுக்க அவருக்கே என்று பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

"எங்கட ஆள். பிறகென்ன யோசனை?" என்றார் என் கணவர்.

யோசனை இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பள்ளி மண்டபத்தை வாங்கித் தந்தவர் அவர்தான். அதற்காக ஒரு குளிர்காலம் முழுக்க அலைந்தார். பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி வராமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அதையெல்லாம் மறந்தால் நான் மனுசியே இல்லை. ஆனால் அதே மனிதர் இருந்த கூட்டத்தில்தான், எங்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து பிரித்துப் பின்பக்கத் தனி அறையில் இருத்தத் தீர்மானித்தார்கள். இங்கிலீஷ் வரும்வரைக்குமாம். என் மகளுக்கு இங்கிலீஷ் எப்போதோ வந்துவிட்டது. கூச்சத்தில் வாய் திறக்கமாட்டாள், அவ்வளவுதான். கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளை அந்த அறையில் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே கடைக்குப் போனேன். "அண்ணை, நீங்கள் ஏன் அதுக்குச் சம்மதிச்சனீங்கள்?"

அவர் திகைத்துப்போனார். "நான் எங்க தங்கச்சி சம்மதிச்சனான்? தலைமை ரீச்சர் சொல்லிக்கொண்டு போனா. நான் 'யெஸ், யெஸ்' எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான்."

எனக்கு விளங்கிவிட்டது. ஒருவர் கதைக்கும்போது நாங்கள் இடைக்கிடை "ஓம், ஓம்" என்போம். கேட்கிறேன், சொல்லு என்று அர்த்தம். டெலிபோனில் அதைச் சொல்லாவிட்டால் மற்றப் பக்கத்தில் இருப்பவர் லைன் அறுந்துவிட்டது என்று நினைப்பார். மனிதர் அந்த ஓமை அப்படியே இங்கிலீஷில் போட்டிருக்கிறார். அவர்களோ தமிழ்ப் பெற்றோருக்குச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

சிரிப்பு வந்தது, கோபம் போகவில்லை. "சரி, இப்ப தெரியுந்தானே. போய் ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"அது எழுதிப்போட்டினம், தங்கச்சி. இப்ப மாறிக் கதைச்சால் மரியாதை இல்லை. பிறகு மண்டபத்தையும் பறிச்சால்?"

அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன். தெரியாமல் சொன்ன யெஸ்ஸை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் அதைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு நான் ஏன் வோட்டுப் போட வேண்டும்? மண்டபம் என்ன, எங்களுக்குப் போட்ட பிச்சையா? அவரை எதிர்த்து நின்றவர் பஸ் ஓட்டும் ஒரு ஜமைக்காப் பெண். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, எந்தப் பிள்ளையையும் ஒதுக்கி வைக்க விடமாட்டேன் என்று சத்தம் போட்டவர். அவருக்கே போட்டேன். அதை வீட்டில் மறைக்கவும் இல்லை. கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். கோயிலில் ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட ஆளை விட்டுட்டு வேற ஆளுக்கோ போட்டனீர்?"

"ஓம்," என்றேன். "இது கேட்டுக்கொண்டிருக்கிற ஓம் இல்லை, அக்கா."

கடைக்கார அண்ணைதான் வென்றார். அடுத்த நாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். உங்கள் கவர்னர் ஒப்புக்கொண்டாரே என்று அவர் சிரித்த முகத்தோடு சொன்னார்.

"நான் ஒப்புக்கொள்ளவில்லை," என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் விளக்கினார். நான் தலையாட்டவில்லை, ஒரு "யெஸ்" கூடச் சொல்லவில்லை. பள்ளி மணி அடித்தது. கதிரையை விட்டு நான் எழும்பவில்லை. கடைசியில் அவரே எழுந்து, மகளை அவளுடைய வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று ஷிப்டுக்குப் பிந்தித்தான் போனேன். சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டது அவரிடம் மட்டுந்தான்.