நாறுதுக்கா!

கொஞ்ச நாளாகவே என் மூக்கு எனக்குச் சொந்தமாக இல்லை. கீழ் வீட்டு மலர் அதை இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

போன வாரம்கூட, நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கிண்ணம். அதில் வெண்ணெய்.

"அக்கா, மோந்து பாருங்க. கெட்டுப்போச்சா இன்னான்னு சொல்லுங்க."

மோந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"நெசமாவா?"

"நெசமாத்தான் மலரு."

"சளி கிளி புடிச்சிக்கினு இல்லயே உங்களுக்கு?"

பாருங்கள்... இரவல் கொடுத்தவளுக்கே சோதனை!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் நான் குடியிருப்பது மாடி வீடு. கீழே மலரும் அவள் கணவர் சேகரும். சேகர் தியாகதுருகம் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறார். மலர் வீட்டிலேயே கேக், பன், பிரெட் செய்து கொடுக்கிறாள். சமையலறை மூலையில் ஒரு கரண்ட் ஓவன், முட்டை அடிக்கும் பீட்டர் ஒன்று, நாலைந்து தகர அச்சுகள்... அவ்வளவுதான் அவளுடைய பேக்கரி. அதிலிருந்து பன் வேகும் வாசனை படியேறி வந்தால் எனக்கு ஆபீஸ் போகவே மனசு வராது.

கார்த்திகை மாத மழையில் மலருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது அவள் மோப்பத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அவளே நம்பவில்லை. ஏலக்காயைத் தட்டி மூக்கருகே வைத்தாள். ஒன்றும் இல்லை. வெங்காயம், கற்பூரம், மண்ணெண்ணெய்... எதுவும் இல்லை. கேக் செய்கிற பெண்ணுக்கு மூக்கு போனால் என்ன ஆகும்? முட்டை நல்லதா, வெண்ணெயில் சிக்கு வாடை வந்துவிட்டதா, உள்ளே வேகிறதா, கருகுகிறதா... எல்லாவற்றையும் மூக்குதானே முதலில் சொல்லும்!

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "வரலாம்மா. எப்பன்னு என்னால சொல்ல முடியாது. வாசனை இருக்கற பொருளா எடுத்து தினமும் மோந்து பழகுங்க" என்றார்.

வாசனையுள்ள பொருளுக்கு எங்கே போவது? மாடிக்குத்தான்.

எங்கள் வீட்டு ஓனருக்கு மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் பிடிக்காது. தளம் ஒழுகுமாம். அதனால் என் தோட்டம் முழுக்க ஹாலுக்குள்ளேயே இருக்கிறது. கிழக்கு ஜன்னல் ஓரம் காலி பெயின்ட் பக்கெட்டுகளில் புதினா, துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல். காலை வெயில் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விழும். அது நகர நகர நானும் பக்கெட்டுகளை நகர்த்துவேன். வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே!

மார்கழியிலிருந்து மலர் தினமும் காலையில் மேலே வர ஆரம்பித்தாள். ஒவ்வொரு செடியிலும் ஒரு இலையைக் கிள்ளுவாள். கசக்குவாள். கண்ணை மூடி மூக்கருகே வைத்துக்கொள்வாள். நான் காபியோடு நின்று அவள் முகத்தையே பார்ப்பேன்.

"வந்துச்சா?"

"இல்லக்கா."

இறங்கிப் போய்விடுவாள். மறுநாள் மறுபடியும் வருவாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டேன்.

"ஏன் மலரு, கோயிலுக்கு ஏதாவது வேண்டிக்கிட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்? வேண்டிக்கலாமே."

"அதுக்கு குடுக்கணும்னு இருந்தா குடுக்கப்போவுது. தினம் போய் குடு குடுன்னு கேட்டுக்கினே இருந்தா சாமிக்கும் சங்கடமா இருக்காதா? நான் பாட்டுக்கு விளக்கு ஏத்திட்டு வந்து நிக்கறேன். நான் நிக்கறது அதுக்குத் தெரியும் இல்ல?"

எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. பரீட்சைக்கும் ஆபரேஷனுக்கும் மட்டும் கும்பிடுகிற ரகம் நான். அதனால் திரும்பிப் போய்ப் புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அன்று அது இரண்டாவது தண்ணீர், பாவம்.

தை மாதம் ஒரு காலை. நல்ல பனி. தெருவில் எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. நான் ஸ்கூட்டர் சாவியோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் குப்பென்று அடித்தது... கேஸ்!

ஓடினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே மலர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வெண்ணெயும் சர்க்கரையும் கையாலேயே குழைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஸ்டவ்வில் சர்க்கரைப்பாகு பொங்கி வழிந்து தீயை அணைத்திருக்கிறது. கேஸ் மட்டும் சீறிக்கொண்டிருக்கிறது. அவள் கை ஓவன் சுவிட்சை நோக்கிப் போகிறது.

"சுவிட்ச தொடாத!"

நான் அப்படிக் கத்தி நானே கேட்டதில்லை. ஸ்டவ்வை மூடினேன். சிலிண்டரை மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தேன்.

"இன்னாக்கா? இன்னா ஆச்சு?"

அவளுக்குச் சொன்னபோதுதான் தெரிந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வெண்ணெய் ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மதியம் சேகர் வந்தார். விஷயம் கேட்டார். சத்தமே போடவில்லை. ஒரு பழைய வேட்டியை எடுத்து ஓவன் மேல் போர்த்தினார்.

"உசுரு இருந்தா போதும் மலரு. இது வாணாம்."

அவளே வேட்டியின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். அவர் சொன்னதும் நியாயம்தானே!

ஆனால் மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. அதே நேரம். அதே கண்ணை மூடிக்கொண்டு நிற்பது.

"வந்துச்சா?"

"இல்லக்கா."

அந்தத் தை மாதம் முழுக்க அப்படித்தான் போனது. செடிகளும் சோர்ந்திருந்தன. பனியில் புதினா முடங்கிப் போயிருந்தது. எலுமிச்சைப்புல்லின் நுனி கருகியிருந்தது. பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றேன். மலர் விடவில்லை. "வேரு நல்லாதாங்க்கா இருக்குது" என்று கருகிய நுனியை மட்டும் கத்தரித்துவிட்டாள்.

மாசி பிறந்ததும் ஒருநாள், நான் கீழே அவர்கள் வீட்டில் இருந்தபோது, மலருக்கு ஒரு போன் வந்தது. கல்வராயன்மலையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். முன்பு பிறந்தநாள் கேக் வாங்கியவர். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரீட்சை வரப்போகிறது, அதற்கு முன் ஒரு கேக் வெட்டி வழியனுப்ப வேண்டும், உன் கேக்தான் வேண்டும் என்றார். மலைத்தேன் கொடுத்து அனுப்புகிறேன், அதைப் போட்டுச் செய் என்றும் சொன்னார்.

மலர் முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சேகரைப் பார்த்தாள். சேகர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க கூடவே நிப்பீங்களா?"

"நிக்கறேன்."

"கேஸு பத்த வெக்கக் கூடாது. கரண்டு ஓவன் மட்டுந்தான்."

"பத்த வைக்க மாட்டோம்."

அவரே போய் அந்த வேட்டியை எடுத்தார்.

அந்தக் கேக்குக்கான வெண்ணெயைத்தான் நான் போன வாரம் மோந்து பார்த்தது. முட்டையையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, காவல்காரி மாதிரி மூக்கை விடைத்துக்கொண்டிருந்தேன். தேன் சூடாகி வாசனை எழுந்தபோது சொன்னேன். அடி லேசாகச் சிவக்கிற வாசனை வந்தபோது சொன்னேன். அவள் உடனே எடுத்துவிட்டாள். நன்றாக வந்திருந்தது. அவளுக்கு மட்டும் அது தெரியாது.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். நான் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் மலர், அவள் மடியில் கேக் பெட்டி. மலைக்குப் போகும் வழியில் ஒரு சர்க்கரை ஆலையைக் கடக்க வேண்டும். கரும்பு அரவை நடக்கும் காலம். ரோடெங்கும் கரும்பு டிராக்டர்கள். அந்த இடத்தில் அடிக்கும் நாற்றம் இருக்கிறதே... புளித்த வெல்லமும் அழுகின முட்டையும் சேர்ந்த மாதிரி. பைக்கில் போகிறவர்கள் எல்லாம் துண்டால் மூக்கை மூடிக்கொள்வார்கள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன்.

தோளில் ஒரு அடி.

"அக்கா, ஓரங்கட்டுங்க! ஓரங்கட்டுங்க!"

கேக் சாய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். நிறுத்தினேன். மலர் இறங்கினாள். பெட்டியை என் கையில் கொடுத்தாள். காற்று வரும் பக்கம் திரும்பி நின்றாள்.

"நாறுதுக்கா."

"ஆமா, இங்க எப்பவும் நாறும். ஏறு, போயிடலாம்."

"நாறுதுக்கா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. சிரிக்கிறாள். மறுபடி இழுக்கிறாள். எனக்கும் கேக் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. ஒரு கரும்பு டிராக்டர் எங்கள் பக்கத்தில் வேகம் குறைந்தது. மூக்கில் துண்டு கட்டிய டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்கண்ணா," என்றாள் மலர். "நாத்தம் அடிக்குதுங்க!"

"அதுக்கு இன்னாத்துக்கு சிரிக்கறீங்க?"

அவரிடம் எப்படிச் சொல்வது? எங்களை இன்னொரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

நானும் ஊரில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பூ வாசனைக்கு, சந்தன வாசனைக்குக் கண்ணை மூடி நிற்பவர்கள் உண்டு. ஆலைக் கழிவின் நாற்றத்துக்குக் கைகூப்பி நின்றவளை அன்றுதான் பார்த்தேன். ஆமாம், கைகூப்பினாள். கும்பிட்டாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன்... தெரிந்தவர்களுக்கு வணக்கம் சொல்வோமே, அப்படி.

மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வட்டமாக நிற்க, டீச்சர் கேக்கை வெட்டினார். தேன் வாசனை வகுப்பறை முழுக்கப் பரவியது. நான் ஆசையோடு மலரைத் திரும்பிப் பார்த்தேன்.

கேக் துண்டை மூக்கருகே வைத்திருந்தாள். மெல்லத் தலையை ஆட்டினாள். இல்லை.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரோட்டில் வந்தது பொய்யோ? ஆனால் அவள் முகத்தில் அந்த ஏமாற்றமே இல்லை. பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தியிடம் கேட்டாள்.

"பாப்பா, கேக்கு வாசன எப்படி இருக்குது? சொல்லேன்."

அந்தப் பெண் யோசித்தாள். "மழ வுட்டப்பறம் தேனட கிட்ட போனா வருங்க்கா... அந்த மாதிரி."

"அப்ப சரியாதான் வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு மலர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

இறங்கி வரும்போது நான்தான் புலம்பினேன். வருவது வருகிறது, நல்ல வாசனையாக வரக்கூடாதா?

"போங்க்கா," என்றாள் பின்னாலிருந்து. "கதவு தொறந்துடுச்சி. எது மொதல்ல வந்தா இன்னா? ஒண்ணு பின்னால ஒண்ணு வரட்டும்."

நாம் எல்லோரும் நல்லது வரும் என்று காத்திருக்கிறோம். ஆனால் அது நல்ல முகத்தோடுதான் வரும் என்று யார் நமக்குச் சொன்னது? எத்தனை நல்லதை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போயிருக்கிறோமோ!

இந்த வாரம் மலருக்குப் பூண்டு தெரிகிறது. மண்ணெண்ணெய் தெரிகிறது. காபி ஏனோ கருகின ரப்பர் மாதிரி இருக்கிறதாம். டாக்டர், இதெல்லாம் நல்ல அறிகுறி, போகப் போக சரியாகும் என்கிறார். ஏலக்காய் இன்னும் வரவில்லை. ஓவன் மேல் வேட்டி இல்லை. கேஸ் பற்ற வைக்க மட்டும் சேகர் இன்னும் அனுமதி தரவில்லை. சரியான முடிவு, நான் அவர் கட்சி.

நேற்றுக் காலை வழக்கம்போல மேலே வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். முகத்தைச் சுளித்தாள். என் சமையலறைப் பக்கம் கை நீட்டினாள்.

"இன்னாக்கா, வூட்ட இப்படி வெச்சிருக்கீங்க? சிங்க்குல இருந்து நாறுது!"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் வீட்டைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று வரும். நேற்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பிளம்பர் நாளைக்கு வருகிறார்.